பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் கடைசியாக உட்கார்ந்திருந்தது சான்றிதழ்ப் பிரிவில். சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு என்று, தாங்கள் யார் என்பதைத் தாளைக் காட்டி நிரூபிக்க மக்கள் வந்து நிற்கிற மேசை அது. அவர்களில் பாதிப் பேரையாவது ஒரு முறை திருப்பி அனுப்பியிருப்பேன். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல் இருக்கும், ஆதாரில் வேறொன்று இருக்கும். அதைப் பிடிப்பதற்கு எனக்குக் கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. திருப்பும்போது எழுத வேண்டிய வாசகத்தையும் நானே வடித்து வைத்திருந்தேன்: "முன்னெழுத்து வேறுபாட்டிற்கான காரணம் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை." பிரிவில் எல்லோரும் அதையே எழுதினார்கள்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆனபோது என் மனைவி ஒரு பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்து என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தாள். தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ., மூன்று வருடம், தமிழ் வழி, சனி ஞாயிறுகளில் தேனியில் நேர்முக வகுப்பு. சேரட்டுமா என்று கேட்கவில்லை. "இந்தப் பாரத்த நீங்க நிரப்புனீகன்னா ஒரு தப்பும் வராது," என்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணோடு தேறியவள். முடிவு வந்த இரண்டாம் மாதம் எங்கள் கல்யாணம். எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். சின்னமனூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழக்கங்களும்தான் இருந்தோம்.

படிவத்தை நிரப்ப ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டேன். விளக்கக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதை அப்படிப் படித்தவன் அந்த வருடம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், நகல்களில் சான்றொப்பம், எல்லாம் வரிசை எண்படி. ஏழாவது குறிப்பு, விண்ணப்பதாரரின் பெயர் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றது. அதை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வாசித்துக் காட்டிவிட்டு, பெயர்க் கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டு அவள் பெயரை எழுதினேன்.

பிளஸ் டூ சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் இருப்பது அவள் அப்பாவின் எழுத்து, 'மு'. என்னுடையது 'வே'. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், ஆதார் என்று முப்பத்து நான்கு வருடமாக அவளை 'வே' என்றே எழுதிவந்த கை. அது யோசிக்கவில்லை. அந்த ஓர் எழுத்தால், மூன்று வருடம் படித்து அவள் வாங்கப் போகிற பட்டம் யாருடைய எழுத்தோடு வரும், வருமா வராதா என்பதே பின்னால் கேள்வியாகிவிட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாத ஒரு படிவம். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து திருப்தியாகச் சாப்பிட்டேன்.

புத்தகங்கள் பார்சலில் வந்தன. முதல் புத்தகம் மேலாண்மைத் தத்துவம். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்தல் என்று தொடங்கியது. அரசு அலுவலகத்தில் இந்த ஐந்தும் இல்லாமலே முப்பத்து நான்கு வருடம் ஓட்டியிருக்கிறோம், இதற்கு ஒரு புத்தகமா என்று கேட்டேன். அவள் ஐந்தையும் அடிக்கோடிட்டாள்.

அடிக்கோடு போட்டதையெல்லாம் வீட்டில் நடத்திப் பார்க்கத் தொடங்கினாள். மோட்டார் பழுது பார்க்க வந்தவரிடம் நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, அவர் ஸ்பேனரோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டளை ஒருமை," என்றாள் அவள் என்னிடம். ஒரு பணியாளருக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் ஆணையிட வேண்டுமாம். நான் உள்ளே போனேன். மோட்டார் அரை மணியில் ஓடியது. இன்னொரு நாள் ஒரு பொருளின் வாழ்க்கைச் சுழற்சி: அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. நான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று வேடிக்கைக்குக் கேட்டேன். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "முதிர்ச்சிதான். வெலையக் கூட்டாம இருந்தீகன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

மனிதத் தேவைகளின் படிநிலை என்று ஒரு முக்கோணத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அடியில் சோறு தண்ணீர், அடுத்தது பாதுகாப்பு, அதற்கு மேல் அன்பு, மதிப்பு. உச்சியில், தன்னால் என்ன ஆக முடியுமோ அதுவாக ஆவது. நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கீழ் இரண்டு தட்டை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுவேன். அவை நான் கொண்டுவந்து கொடுத்தவை.

சனி ஞாயிறுகளில் அவளோடு தேனிக்குப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் தனியாக இருக்கப் பயம் என்பதை எந்தப் படிவத்திலும் குறிப்பிட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பேருந்தில் குச்சனூர்க் கோவிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் எள் எண்ணெய் வாசனையோடு நெருக்கும். அவள் கம்பியைப் பிடித்து நின்றபடியே கையடக்கக் குறிப்பேட்டைப் படிப்பாள். வகுப்பில் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண்கள், செல்போன் கடைப் பையன்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஒரு போலீஸ்காரர். எல்லோருக்கும் அவள் அக்கா. வராந்தா பெஞ்சில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த நான் அக்கா வீட்டுக்காரர். வேறொருவரின் பெயரைச் சொல்லி என்னை அடையாளம் காட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கொஞ்சம் இடித்தது. பிறகு பழகிவிட்டது.

இரண்டாம் வருடம் வணிகச் சட்டம். பாடம் எடுக்க ஓர் இளம் வழக்கறிஞர் வந்தார். ஒருவர் முன்வந்து கேட்பது முனைவு, மற்றவர் சரி என்பது ஏற்பு, இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் என்றார். சன்னல் திறந்திருந்ததால் எனக்கும் இலவசமாகக் கேட்டது. ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் பத்து வாழைத்தாரை இறக்கிவிட்டு, நாளைக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வாங்கியதாக அர்த்தம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் அது செல்லாது. பேசாமல் இருப்பது ஏற்பு ஆகாது என்று விளக்கினார். "எங்க ஊர்ல அப்படித்தான் சார் தள்ளி விடுறாக," என்று செல்போன் கடைப் பையன் ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் என் மனைவியின் குரல் கேட்டது. வகுப்பில் அவள் கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

"சார், ஒருத்தர் கேக்கவே இல்ல. இன்னொருத்தர் சொல்லவே இல்ல. ஆனா காரியம் மட்டும் நடந்துபோச்சு. அது என்ன சார்?"

வழக்கறிஞர் கொஞ்சம் யோசித்தார். "முனைவே இல்லையேம்மா. அப்புறம் ஏற்புக்கு எங்க போறது? அங்கன ஒப்பந்தமே இல்ல."

"சரி சார்," என்று உட்கார்ந்துவிட்டாள். நல்ல கேள்வி, பரீட்சையில் வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடக் கடைசிப் பருவத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது படிப்பு மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பட்டச் சான்றிதழில் அச்சிட வேண்டிய பெயரைச் சரிபார்த்ததில் பள்ளிச் சான்றிதழுக்கும் பதிவேட்டுக்கும் முன்னெழுத்து வேறாக இருக்கிறது; தேர்வுக்கு முன் சரி செய்யாவிட்டால் முடிவு நிறுத்தி வைக்கப்படும் என்றார்கள். பேசியவர் ஓர் இளம்பெண். என் மேசையில் நான் பேசியிருக்க வேண்டிய தன்மையான குரலில் அவர் பேசினார்.

எனக்கு உள்ளூர வெட்கம். ஆனால் வழியும் உடனே தெரிந்துவிட்டது. திருமணப் பதிவின் நகலும், நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வைத்தால் பள்ளிச் சான்றிதழின் 'மு' தான் இப்போது 'வே' என்று ஏற்றுக்கொள்வார்கள். உத்தமபாளையத்தில் அரை நாள் வேலை. மற்ற அட்டைகள் எல்லாம் 'வே' என்றே இருப்பதால் வேறெதையும் தொட வேண்டாம். இதை நான் அவளுக்கு விளக்கிச் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வழி இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது. பதிவேட்டையே திருத்தி 'மு' ஆக்குவது. பழைய மதிப்பெண் பட்டியல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஹால் டிக்கெட் மாற வேண்டும். அப்படி மாறினால் தேர்வு அறையில் ஆதாரோடு பொருந்தாது. அதற்குத் தனியாக ஒரு சான்று. ஆறு வாரத்தில் நடக்குமா என்று தெரியாது. பிசகினால் முடிவும் நின்றுபோகும் என்றேன்.

"அந்த வழியே பாருங்க."

முதல் ஹால் டிக்கெட்டிலேயே இதைப் பார்த்திருப்பாயே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பார்த்தாளாம். ஏழாம் குறிப்பை வாசித்துக் காட்டிய மனுஷன் தானாகத் திருத்துவார் என்று இருந்தாளாம். நான் விடவில்லை. கல்யாணம் ஆன புதிதில் ரேஷன் கார்டில் மாற்றியபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிகூட இல்லை, ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"சொல்லாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆகாதுங்க. நீங்க கேக்கவும் இல்லையே."

தேனி வராந்தாவில் சன்னல் வழியாகக் கேட்ட அந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருடம் தாமதமாக.

அவளே தொடர்ந்தாள். "உங்க எழுத்து வேண்டாம்னு இல்ல. பேங்க்ல, ஆதார்ல எல்லாம் அது இருக்கட்டும். ஆனா படிச்சது நான். பன்னெண்டு வருசம் 'மு'ன்னு படிச்சேன். அந்தப் பொண்ணு பாதியில நின்னுபோனா. மிச்சத்த அவளுக்கு முடிச்சுக் குடுக்கணும்."

அவள் அப்பா மார்க்கையன்கோட்டையில் தபால்காரராக இருந்தவர். அவர் சுற்றில் ஒரே பெயரில் பதினோரு ஆண்கள் உண்டு. இனிஷியல் இல்லாமல் வரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதினோரு வாசலுக்கும் சைக்கிளில் போவார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மகளுடைய பள்ளிப் புத்தகங்களில் 'மு'வை அவள் பெயரைவிடப் பெரிதாக எழுதித் தருவாராம். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவள் இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லாததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகாதவன் நான், அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன்.

"திருத்தம் வராட்டி?" என்றேன்.

"பரீட்சை எழுதிட்டு வந்துருவேன். ஆனா பட்டம் 'வே'ன்னு வந்தா வாங்க மாட்டேன்."

மறுநாளே தேனிக்குப் போய்ப் படிப்பு மையத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். தொலைபேசியில் பேசிய அந்தப் பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தைய படிவத்தை எடுத்து, இது யார் எழுதியது, கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். நான்தான் என்றேன். "ஏழாவது குறிப்பப் பாக்கலையா சார்?" என்றார். பார்த்தேன் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாகரிகம் என் மேசையில் இருந்ததில்லை. இரண்டு எழுத்துக்கும் உரியவர் ஒருவரே என்று வட்டாட்சியர் அலுவலகச் சான்று கொண்டுவந்தால் போதும், தாமே மேலே அனுப்பித் தொடர்ந்து கவனிப்பதாகச் சொன்னார்.

ஆக, நான் என் பழைய அலுவலகத்துக்கே மனுதாரராகப் போனேன். இப்போது நேரில் போக வேண்டியதில்லை, இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் போதும். காரணம் என்ற இடத்தில் எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் இறக்கினேன். "மேற்படி விண்ணப்பதாரரின் திருமணத்தினைத் தொடர்ந்து ஆவணங்களில் ஏற்பட நேர்ந்த முன்னெழுத்து மாறுதலானது கவனக்குறைவு காரணமாகக் கல்விப் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளமையால்" என்று அது போகும். யார் மாற்றியது, யாருடைய கவனக்குறைவு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தானே அந்த நடையே ஏற்பட்டது.

ஐந்தாம் நாள் மனு திரும்பி வந்தது. திரையில் ஒரே வரி. முன்னெழுத்து வேறுபாட்டிற்கான காரணம் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை.

அலைபேசியை அவளிடம் நீட்டினேன். படித்தாள். அது யாருடைய வாசகம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதை எழுதி முடித்த பெருமையில் வீட்டில் சொல்லியிருக்கிறேன். கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய் வணிகத் தகவல் தொடர்புப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நல்ல கடிதத்தில் செய்தவர் யார், செய்தது என்ன என்று வாசிப்பவருக்கு முதல் வாசிப்பிலேயே விளங்க வேண்டும் என்று அதில் ஒரு பாடம் உண்டு. என் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக அடித்தாள். எனக்கு வலித்தது. பிறகு அவளே எழுதினாள்:

"என் பள்ளிச் சான்றிதழில் என் தந்தையின் எழுத்து 'மு' உள்ளது. திருமணத்துக்குப் பின் என் கணவர் எல்லா ஆவணங்களிலும் 'வே' என்று எழுதினார். என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டப் படிப்பு விண்ணப்பத்திலும் அவர் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டார். இரண்டு எழுத்துக்கும் உரியவள் நான் ஒருத்திதான்."

'நானும் சொல்லவில்லை' என்பதை எடுத்துவிடலாம், அது நமக்குத் தேவையில்லை என்றேன்.

"இருக்கட்டும். அது எம் பங்கு."

கீழே, மேற்கண்டது உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நான் தவறாக எழுதினேன் என்று சொல்கிற ஒரு தாளில் முப்பத்து நான்கு வருடப் பணியில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. போட்டேன். மூன்றாம் நாள் சான்று வந்துவிட்டது. அதைப் படிப்பு மையத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு நான் தினமும் காலையும் மாலையும் பல்கலைக்கழக இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தினமும் 'வே'. இத்தனை வருடம் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று யோசித்தேன். அவள் உத்திசார் மேலாண்மைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் நான்கையும் நான்கு கட்டத்தில் எழுத வேண்டுமாம். வீட்டை நிறுவனமாக வைத்து எழுதிப் பார்த்திருந்தாள். பலவீனத்தில் என்னைத் தேடினேன், இல்லை. பலம் என்ற கட்டத்தில், 'கையெழுத்து நன்றாக இருக்கும், கேட்டால் செய்வார்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் பிற்பகல் பக்கம் திறந்தபோது எழுத்து மாறியிருந்தது. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்து வந்தேன். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரேஷன் கார்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன், இந்த முறை படிவம் நிரப்புவதற்கு முன்னால்.

"அதுல எதுக்கு? அங்கன ஏற்கெனவே நாந்தான குடும்பத் தலைவி," என்றாள்.

தேர்வன்று தேனிக்கு முதல் பேருந்தில் போனோம். பெயர் திருத்தம் ஆனவர்கள் தனிப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி, வராந்தாவில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மொத்தம் மூன்று பேர். அவர் பட்டியலைப் பார்த்து இரண்டாவதாக ஒரு பெயரை உரக்க அழைத்தார். 'மு' என்று தொடங்கியதும் யாரோ ஒரு பெண்ணை அழைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. கூட்டத்தில் அந்தப் பெண்ணைத் தேடி நானும் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ளேன் ஐயா," என்றாள் என் பக்கத்தில் நின்றிருந்தவள்.

பள்ளிக்கூடத்தில் சொல்கிற அதே ராகத்தில் வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனாள். பேனாவை வாங்கிப் பதிவேட்டின் மேல் குனிந்தவள், முதல் எழுத்தைப் போடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கை அதைத் தன் பெயருக்கு முன்னால் எழுதி முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது. மேசையில் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை.